அப்னேரின் பாடைக்குப் பின்னே நடந்த அரசர்

(இறந்த விசுவாசிகள் நினைவு வாரத்தில் ஒலிபரப்பான வானொலி மறையுரை. வாசகங்கள்: 2 சாமுவேல் 2:12-28, 3:22-39)



நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் கால்கள் தாமாகவே கல்லறையை நோக்கி நடக்கின்றன. சென்னையில் வாழும் நாம் கீழ்ப்பாக்கத்துக்குப் போகிறோம். அடையாற்றங்கரையில் இருக்கும் குயிபிள் ஐலண்டு கல்லறைக்குப் போகிறோம். புல்லைப் பறித்து, சிலுவைக்கு வெள்ளையடித்து, சாமந்திப் பூவைத் தூவி, மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். காற்று அணைத்தால் மறுபடியும் ஏற்றுகிறோம். பங்கு அலுவலகத்தில் ஒரு சீட்டை வாங்கி, இறந்துபோன தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்று பெயர்களை எழுதித் திருப்பலிக் கருத்தாகக் கொடுக்கிறோம்.

அந்தச் சீட்டுகளை வாங்கிப் படிக்கிற குருக்களாகிய நாங்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். சில சீட்டுகளில் பெயர் இருப்பதில்லை. 'ஓர் ஆன்மாவின் இளைப்பாற்றிக்காக' என்று மட்டும் எழுதியிருக்கும். கொடுத்தவரைக் கேட்டால், "சாமி, பெயர் வேண்டாம்" என்பார். நம் நகரில் கோடம்பாக்கம், வளசரவாக்கம், அடையாறு பக்கங்களில் வாடகை வீடுகளில் வாழ்ந்துவரும் ஈழத்துக் குடும்பங்கள் சில அப்படிச் சீட்டுக் கொடுத்திருக்கின்றன. பிள்ளை ராணுவத்தின் குண்டுக்குப் பலியானான் என்றால் தாய் அந்தப் பெயரை உரக்கச் சொல்வாள். பிள்ளை இன்னொரு தமிழனின் துப்பாக்கிக்குப் பலியானான் என்றால் குரல் தாழ்ந்துவிடுகிறது. எந்த இயக்கம், யார் சுட்டார்கள், ஏன் சுட்டார்கள் என்று அடுத்த கேள்வி வருமே என்ற பயம். பக்கத்து வரிசையில் முழந்தாளிட்டிருப்பவரின் பிள்ளை அந்த மற்ற இயக்கத்தில் இருந்திருக்கலாமே என்ற தயக்கம்.

பெயர் சொல்லி அழ முடியாத இந்தச் சாவுகளைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்கப்போகிறோம். அதற்குத் திருநூலில் நமக்குக் கிடைத்திருப்பது சாமுவேல் இரண்டாம் நூலின் இரண்டு அதிகாரங்கள். ஞாயிறு வாசகங்களில் அதிகம் இடம்பெறாத பகுதி. கதை நமக்கு அந்நியமாக இருக்காது.

சவுல் அரசர் இறந்துவிட்டார். ஒரே மக்களினம் இரண்டாகப் பிரிந்துகிடக்கிறது. எபிரோனில் தாவீது அரசர். வடக்கே சவுலின் மகன் இஸ்பொசேத்து அரசர். தாவீதின் படைக்கு யோவாபு தலைவர். மறுபக்கத்துக்கு அப்னேர் தலைவர். இரு படையினரும் கிபயோன் குளத்தருகே எதிரெதிராக உட்கார்ந்திருக்கிறார்கள். நம் வாலிபர்கள் எழுந்து கொஞ்சம் பொருது காட்டட்டுமே என்கிறார் அப்னேர். சரி என்கிறார் யோவாபு. இந்தப் பக்கம் பன்னிருவர், அந்தப் பக்கம் பன்னிருவர். ஒவ்வொருவனும் எதிரில் நிற்பவனின் தலையைப் பிடித்து அவன் விலாவில் வாளைப் பாய்ச்சுகிறான். இருபத்துநாலு பேரும் ஒன்றாக விழுகிறார்கள். வென்றவன் ஒருவனும் இல்லை. இருந்தும் போர் அங்கே நிற்கவில்லை, அங்கேதான் மூண்டது.

ஓடுகிற அப்னேரை யோவாபின் தம்பி அசாவேல் துரத்துகிறான். மான்போல ஓடக்கூடியவன். விலகிப்போ தம்பி, உன்னைக் கொன்றுவிட்டு உன் அண்ணன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்று அப்னேர் கெஞ்சுகிறார். அவன் விலகவில்லை. அப்னேரின் ஈட்டி அவன் வயிற்றைத் துளைக்கிறது. வழியில் வந்தவர்கள் எல்லாரும் அந்த உடலைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்கள் என்று திருநூல் சொல்கிறது. மாலையில் அப்னேர் குன்றின்மேல் நின்று யோவாபைப் பார்த்துக் கூவுகிறார்: வாள் தின்றுகொண்டே இருக்கவேண்டுமா? சகோதரர்களைத் துரத்துவதை நிறுத்தும்படி உம் ஆட்களுக்கு எப்போது சொல்லப்போகிறீர்? யோவாபு எக்காளம் ஊதுகிறார். போர் அன்றைக்கு நிற்கிறது.

இந்தக் கதையின் இரண்டாம் பகுதிக்குப் பிறகு வருவோம். அதற்குமுன், நம் ஊரின் கிபயோன் குளம் எது என்று பார்ப்போம்.

தியாகராய நகர் பாண்டி பஜாரை நாம் எல்லாரும் அறிவோம். தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் துணி எடுக்கப் போகிற தெரு. இன்று அகலமான நடைபாதை போட்டு, உட்கார்ந்து பேச இருக்கைகள் வைத்திருக்கிறார்கள். 1982-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் இரவு, அதே தெருவில், இரண்டு தமிழர்கள் ஒருவரையொருவர் கண்டதும் துப்பாக்கியை எடுத்தார்கள். ஒருவர் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன். மற்றவர் புளொட் இயக்கத்தின் தலைவர் உமாமகேஸ்வரன். உமாமகேஸ்வரனுடன் வந்தவருக்குக் குண்டுக்காயம். பிரபாகரனும் அவருடன் இருந்தவரும் அங்கேயே பிடிபட்டார்கள். தப்பிய உமாமகேஸ்வரன் சில நாட்களில் பிடிபட்டார்.

இவர்கள் இருவரும் பிறவிப் பகைவர்கள் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரே இயக்கத்தில் இருந்தவர்கள். நில அளவையாளராக வேலைபார்த்த உமாமகேஸ்வரன் விடுதலைப் புலிகளின் தலைமைப் பொறுப்பிலேயே இருந்தவர். பிறகு பிளவு. அந்த 1982-ஆம் ஆண்டின் சனவரி 2-ஆம் நாள், உமாமகேஸ்வரனின் தோழரும் 'புதிய பாதை' என்ற பத்திரிகையை நடத்தியவருமான சுந்தரம் யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாலரை மாதம் கழித்து அந்தப் பகை கடல் தாண்டி நம் கடைத்தெருவுக்கு வந்தது. அசாவேலின் இரத்தம் யோவாபின் மனத்தில் இருந்ததுபோல.

அன்று நம் மாநிலம் என்ன செய்தது? இவர்களை இலங்கை அரசிடம் ஒப்படைக்கக் கூடாது என்று கட்சிகள் குரல் கொடுத்தன. அது நியாயமான கவலை. ஒப்படைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். இருவருக்கும் பிணை கிடைத்தது. ஒருவர் மதுரையில் இருக்கவேண்டும், மற்றவர் சென்னையில் இருக்கவேண்டும் என்று பிரித்து வைத்தார்கள். ஊர் பிரிந்தது, பகை தீரவில்லை. தம்பிமாரே, எதற்காக ஒருவரையொருவர் சுட்டீர்கள் என்று உட்காரவைத்துக் கேட்கும் வேலையை யாரும் முடித்துவைக்கவில்லை.

பிறகு 1983 சூலை வந்தது. இலங்கையில் தமிழர்கள் தெருத்தெருவாக வேட்டையாடப்பட்டார்கள். நம் கடற்கரைகளில் படகு படகாக மக்கள் வந்து இறங்கினார்கள். நாம் அழுதோம், ஊர்வலம் போனோம், அரிசியும் துணியும் சேர்த்தோம். இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இயக்கங்களில் சேர்ந்தார்கள். அந்த அநீதி உண்மை. இன்று நாம் பேசப்போகிற எதுவும் அந்த அநீதியைச் சிறிதாக்காது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் மணலில் மடிந்தவர்களின் கணக்கையும் குறைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஆனால் அந்த இளைஞர்களை நாம் ஒரு குடும்பமாக வரவேற்கவில்லை. இந்திய அரசின் உளவுத்துறை ஒவ்வோர் இயக்கத்துக்கும் தனித்தனியே பயிற்சி கொடுத்தது. தனித்தனியே ஆயுதம் கொடுத்தது. தமிழகக் கட்சிகள் ஆளுக்கோர் இயக்கத்தைச் செல்லப்பிள்ளையாக எடுத்துக்கொண்டன. எம்.ஜி.ஆர். ஆட்சியின் ஆதரவு புலிகளுக்கு. கலைஞரின் அன்பு டெலோவுக்கு என்று தெருமுனையில் நின்றவருக்கும் தெரியும். அடையாறு இந்திரா நகரில் ஓர் அலுவலகம், கோடம்பாக்கத்தில் ஓர் அலுவலகம், சூளைமேட்டில் ஒரு வீடு. நாமும் உண்டியலில் காசு போடும்போது யார் உண்மையான வீரர்கள் என்று பந்தயம் கட்டுவதுபோலப் பேசினோம். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குத் தனித்தனியே தின்பண்டம் வாங்கிக் கொடுத்து, உன் அண்ணனைவிட உனக்கு அதிகம் என்று காதில் சொல்கிற மாமாவை நாம் பார்த்திருக்கிறோம். அந்த மாமாவின் வேலையை நாம் செய்தோம்.

1985 ஏப்ரலில் ஒரு நல்ல செய்தி வந்தது. புலிகள், டெலோ, ஈபிஆர்எல்எஃப், ஈரோஸ் ஆகிய நான்கு இயக்கங்களும் ஒரே முன்னணியாகச் சேர்ந்தன. பிரபாகரன், சிறீ சபாரத்தினம், பத்மநாபா, பாலகுமார் நால்வரும் ஒன்றாகக் கைகோத்து நிற்கும் படம் அன்றைக்கு எத்தனையோ வீடுகளில் ஆறுதலாக இருந்தது. அவ்வாண்டு கோடையில் பூட்டான் நாட்டின் திம்பு நகரில் நடந்த பேச்சுவார்த்தையில், புளொட்டும் தமிழர் விடுதலைக் கூட்டணியும் சேர்ந்து அத்தனை தரப்பும் ஒரே குரலில் நான்கு கோரிக்கைகளை வைத்தன. ஒன்றாக நிற்க அவர்களால் முடிந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

அந்தப் படம் எடுத்து ஒரு வருடமும் சில நாட்களும் ஆனபோது, 1986 ஏப்ரல் 29 அன்று, யாழ்ப்பாணத்தில் டெலோவின் முகாம்களைப் புலிகள் தாக்கினார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் டெலோவுக்குள்ளேயே ஒரு குழு மற்றொரு குழுவைச் சுட்டிருந்தது. தெருச் சந்திகளில் இளைஞர்களின் உடல்கள் டயர் போட்டு எரிக்கப்பட்டதை யாழ்ப்பாணத்து மக்கள் கண்ணால் கண்டார்கள். மே 4 அன்று மதுரையில் டெசோ மாநாடு. வடக்கிலிருந்து பெரிய தலைவர்கள் வந்து ஈழத் தமிழருக்காகப் பேசினார்கள். மேடையில் ஒற்றுமை முழங்கியது. மே 6 அன்று சிறீ சபாரத்தினம் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் ஈபிஆர்எல்எஃப்பின் முறை வந்தது.

அந்த நால்வர் படத்தைத் தொடர்ந்து பார்ப்போம். பத்மநாபா 1990 சூன் 19 அன்று கோடம்பாக்கம் சக்கரியா காலனியில் கொல்லப்பட்டார். அவருடன் நாடாளுமன்ற உறுப்பினர் யோகசங்கரி, வடகிழக்கு மாகாண அரசின் நிதியமைச்சர் கிருபாகரன் உட்பட ஒரு டசனுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கொலையாளிகள் காரில் தப்பிப்போனார்கள். அந்தக் கொலையில் முன்நின்றவர் என்று சொல்லப்பட்ட சிவராசன்தான், பதினொரு மாதம் கழித்து ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியின் கொலையையும் நடத்தியவர் என்று புலனாய்வு கண்டது. பிரபாகரன் 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது மாண்டார். அதே நாட்களில் ராணுவத்தின் கைக்குப் போன பாலகுமார் அதன்பின் காணாமற்போனவராகவே இருக்கிறார். அன்று பாண்டி பஜாரில் தப்பிய உமாமகேஸ்வரன் 1989 சூலை 16 அன்று கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் அவருடைய சொந்த இயக்கத்தினரே என்று சொல்லப்படுகிறது. ஒருவருக்கும் முதுமை வாய்க்கவில்லை.

நேயர்களே, ஒரு தரப்பின்மேல் எல்லாப் பழியையும் போட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. இந்திய அமைதிப்படை இருந்த காலத்தில் மற்ற இயக்கங்கள் என்ன செய்தன? பள்ளிக்குப் போன பையன்களைத் தெருவில் பிடித்து 'தமிழ்த் தேசிய ராணுவம்' என்று துப்பாக்கி கொடுத்து நிறுத்தின. அமைதிப்படை 1990-இல் கப்பலேறியதும் அந்தப் பையன்கள் அநாதைகளாக நின்று மடிந்தார்கள். பின்னால் சில குழுக்கள் அரசுப் படையின் கீழ் துணைப்படைகளாகவே இயங்கின. தங்கள் இனத்தாரைக் காட்டிக் கொடுக்கவும், கடத்தவும், கொல்லவும் அவை பயன்பட்டன.

அண்ணனைக் கொல்லப் பழகிய ஆயுதம் கடைசியில் தன் வீட்டுக்குள்ளும் வந்தது. ஒரத்தநாட்டுப் பக்கம், நம் தஞ்சை மண்ணில் இருந்த புளொட் முகாம்களில் கேள்வி கேட்ட இளைஞர்கள் சித்திரவதைக்கு ஆளானார்கள். அங்கிருந்து தப்பியவர் ஒருவர் கோவிந்தன் என்ற பெயரில் 'புதியதோர் உலகம்' என்ற நாவலை 1985-இல் எழுதி வெளியிட்டார். புலிகளின் துணைத்தலைவராக இருந்த மாத்தையா 1994 டிசம்பரில் தன் இயக்கத்தாலேயே மரண தண்டனைக்கு உள்ளானார். 2004-இல் கிழக்கின் தளபதி கருணா பிரிந்தபோது, வெருகல் ஆற்றைக் கடந்து தமிழன் தமிழனைத் தாக்கிய நாள் ஏப்ரல் 9. அன்று புனித வெள்ளி. நாம் இங்கே சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் சிலுவைப்பாதை செய்துகொண்டிருந்தோம்.

அடுத்த ஆண்டு, 2005 கிறிஸ்மஸ். மட்டக்களப்பு மரியன்னை பேராலயத்தில் நள்ளிரவுத் திருப்பலி. நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராசசிங்கம் நற்கருணை வாங்கிவிட்டுத் தம் இடத்துக்குத் திரும்பினார். ஆலயத்துக்குள்ளேயே சுடப்பட்டார். பக்கத்தில் இருந்த மனைவிக்கும் காயம். நாவில் நற்கருணை கரையுமுன் உயிர் பிரிந்த அந்த மனிதரின் கொலைக்காக இதுவரை ஒருவரும் தண்டனை பெறவில்லை. எந்தக் குழுவின் வேலை என்று ஊரெல்லாம் பேசியது. கர்த்தரின் பந்தியருகே இரத்தம் சிந்தியது என்பதே நமக்குப் போதும், தலைகுனிய.

ஏன் இப்படி நடந்தது? நான்தான் மக்களின் ஒரே பிரதிநிதி என்று ஒருவன் நினைக்கத் தொடங்கும்போது, எதிரி அவனுக்கு இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறான். எதிரி வெளியே இருக்கிறான். அவன் இருப்பதால் இவனுடைய உரிமை குறைவதில்லை. ஆனால் சகோதரன் அதே மக்களிடம் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறான். அவன் இருக்கும்வரை 'ஒரே' என்ற சொல் பொய்யாகிறது. காயின் ஆபேலைக் கொன்றது நிலத்துக்காக அல்ல, ஆண்டவர் முன்னிலையில் யாருடைய காணிக்கை ஏற்கப்பட்டது என்பதற்காக. இயக்கங்களுக்கு நடுவே நடந்ததும் அதுதான். யாருடைய பலி பெரிது என்ற போட்டி.

இதைத் தன் மக்களுக்குள்ளிருந்தே எழுதியவர் ஒருவர் உண்டு. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திராணகம. முன்பு புலிகளுக்கு ஆதரவாக இருந்தவர். பிறகு தோழர்கள் சிலரோடு சேர்ந்து 'முறிந்த பனை' என்ற நூலை எழுதினார். இலங்கை ராணுவம், இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் ஆகிய எல்லாருடைய கொலைகளும் அந்த ஒரே நூலில் இருந்தன. அதனால் அவருக்கு எந்தப் பக்கத்திலும் பாதுகாப்பு இருக்கவில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் சுடப்பட்டார். இரண்டு சிறு பெண்பிள்ளைகளின் தாய்.

இப்போது நம் கதையின் இரண்டாம் பகுதிக்குத் திரும்புவோம். கிபயோனில் எக்காளம் ஊதிய பிறகும் போர் நீண்ட நாள் நடந்தது. கடைசியில் அப்னேரே சமாதானம் பேச எபிரோனுக்கு வந்தார். தாவீது விருந்து வைத்து, சமாதானமாக வழியனுப்பினார். யோவாபுக்குச் செய்தி தெரிந்தது. அரசருக்குத் தெரியாமல் ஆளனுப்பி அப்னேரைத் திரும்ப வரவழைத்தார். தனியாகப் பேசவேண்டும் என்று நகர வாயிலில் ஒதுக்குப்புறமாக அழைத்துப்போய் வயிற்றில் குத்திக் கொன்றார். தம்பி அசாவேலுக்குப் பழி. பேச்சுவார்த்தை என்று அழைத்துக் கொல்வது நம் காலத்தில் வந்த பழக்கம் இல்லை என்று தெரிகிறதல்லவா?

அப்போது தாவீது என்ன செய்தார் என்று கவனியுங்கள். தமக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் போரிட்ட தளபதி இறந்திருக்கிறார். அரசியல் கணக்குப் பார்த்தால் ஒரு தடை நீங்கியது. ஆனால் அவர் எல்லா மக்களுக்கும், கொன்ற யோவாபுக்கும் சேர்த்துக் கட்டளையிட்டார்: உடையைக் கிழித்து, சாக்குடை உடுத்தி, அப்னேருக்காக அழுங்கள். அரசரே பாடைக்குப் பின்னே நடந்தார். கல்லறையருகே குரலெடுத்து அழுதார். இரங்கற்பா பாடினார். சாப்பிடும்படி மக்கள் வற்புறுத்தியும் கதிரவன் மறையும்வரை ஒன்றும் உண்ணவில்லை. மக்கள் அனைவரும் அதைக் கவனித்தார்கள். அவர்களுக்கு நிறைவாக இருந்தது. இந்தக் கொலை அரசரின் விருப்பமல்ல என்று இரு பக்கத்தாரும் அன்று தெரிந்துகொண்டார்கள்.

எதிர்ப்பக்கத்தின் பாடைக்குப் பின்னே நடந்த தலைவர். நம் வரலாற்றில் இல்லாமற்போனது இதுதான் அன்பர்களே. சிறீ சபாரத்தினத்தின் பாடைக்குப் பின்னே புலிகளில் யார் நடந்தார்கள்? புலிகளின் பிள்ளைகளுக்காக மற்ற இயக்கங்களில் யார் உண்ணாதிருந்தார்கள்? இன்றும் நினைவு நாட்களின் நாட்காட்டியைப் பாருங்கள். நவம்பர் 27 மாவீரர் நாள். அது புலிகளின் பிள்ளைகளுக்கு. மே 6 டெலோவுக்கு. சூன் 19 ஈபிஆர்எல்எஃப்புக்கு. சூலை நடுவில் புளொட்டின் வீரமக்கள் தினம். சவுக்கும் தென்னையும் வளர்கிற ஒரே மண்ணில் விழுந்த பிள்ளைகள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கொடி, ஒரு கூட்டம். மற்றவர் நாளில் இவர் கதவு சாத்தியிருக்கும். புலிகளின் துயிலும் இல்லங்களை ராணுவம் இடித்துத் தள்ளியபோது நம் நெஞ்சு பதைத்தது; பதைக்கவேண்டியதே. ஆனால் எந்தத் துயிலும் இல்லத்திலும் இடம் கிடைக்காமல், சந்தியில் எரிந்த பிள்ளைகளின் தாய்மார் எங்கே விளக்கேற்றுவார்கள்?

இதற்கு வேறொரு நாட்டில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். வட அயர்லாந்தில் முப்பது ஆண்டுகள் கொலைகள் நடந்தன. கத்தோலிக்கருக்கும் புரோட்டஸ்டன்டுகளுக்கும் இடையே மட்டும் அல்ல. ஒரே பக்கத்தின் ஆயுதக் குழுக்களே ஒன்றையொன்று சுட்டன. 2000-ஆம் ஆண்டில்கூட, சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, பெல்பாஸ்ட் நகரின் ஷாங்கில் சாலையில் ஒரே கொடியைப் பிடித்த இரண்டு துணைப்படைகள் மோதிக்கொண்டதில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டைவிட்டு ஓடின. அந்த நகரில் அலெக் ரீட் என்ற ரெடம்ப்டரிஸ்ட் குரு இருந்தார். கத்தோலிக்கப் பக்கத்தின் குழுக்கள் தங்களுக்குள் சுட்டுக்கொண்டபோது வீடு வீடாக நடந்து சமரசம் பேசியவர். 1988 மார்ச்சில், ஒரு சவ ஊர்வலத்தில் கூட்டத்திடம் சிக்கிக் கொல்லப்பட்ட இரண்டு பிரிட்டிஷ் ராணுவத்தினரின் அருகே முழந்தாளிட்டு, அவர்களுக்கு நோயில்பூசுதல் கொடுத்தார். அந்தப் படம் உலகமெங்கும் போயிற்று. எதிரியின் பாடையருகே நின்ற அந்தக் குருவை இரு பக்கத்தாரும் நம்பினார்கள். 2005-இல் ஐ.ஆர்.ஏ. ஆயுதங்களை அழித்தபோது சாட்சியாக நின்ற இருவரில் அவர் ஒருவர். மற்றவர் மெதடிஸ்ட் போதகர்.

அதே நாட்டில் பத்திரிகையாளர்கள் சிலர் பல ஆண்டுகள் உழைத்து 1999-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். அந்தச் சண்டையில் இறந்த 3,600-க்கும் மேற்பட்டவர்கள் ஒவ்வொருவரின் பெயரும், எப்படி இறந்தார் என்ற விவரமும், நாள் வரிசையில். போலீஸ்காரர், ஆயுதம் ஏந்தியவர், பால் வாங்கப் போன பெண், கைக்குழந்தை, எல்லாரும் ஒரே வரிசையில். பக்கம் பிரிக்கவில்லை. பலர் அந்த நூலைப் படிக்கும்போது முதலில் தங்கள் வீட்டுப் பெயரைத் தேடினார்கள். தேடும்போது அடுத்தவர் வீட்டுப் பெயரையும் தாண்டித்தானே போகவேண்டும்.

நம்மிடம் அப்படி ஒரே பட்டியல் இல்லை. அதை எழுதுவது வரலாற்றாசிரியர்களின் வேலை. நம்மால் முடிந்தது சிறியது. திருப்பலியில் இறந்தோர் நினைவின்போது நாம் யாருக்காக வேண்டுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். நம் சகோதர சகோதரிகளுக்காக மட்டும் அல்ல, உள்ளத்தை இறைவன் மட்டுமே அறிந்திருக்கிற அனைவருக்காகவும் திருச்சபை வேண்டுகிறது. அந்த மன்றாட்டில் கட்சி இல்லை. சென்னையில் உள்ள நம் பங்குகளில் இந்த நவம்பரில் அதை வாய்விட்டுச் சொல்வோம். ஈழத்தில் இறந்தவர்களுக்காகக் கருத்து வைக்கும்போது, ராணுவத்தால் இறந்தவரையும், எதிர் இயக்கத்தால் இறந்தவரையும், சொந்த இயக்கத்தால் இறந்தவரையும் ஒரே மூச்சில் வாசிப்போம். பெயரில்லாத சீட்டு கொடுத்த தாயிடம், அம்மா, பெயரைச் சொல்லுங்கள், நாங்கள் வாசிக்கிறோம் என்று சொல்வோம். அவர் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். ஆனால் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியட்டும்.

இங்கே ஒரு கேள்வி வரும். கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் ஒரே பட்டியலில் சேர்க்கலாமா, சாமி? அது கொல்லப்பட்டவனுக்குச் செய்யும் அநியாயம் அல்லவா? நியாயமான கேள்வி. தாவீது அப்னேருக்காக அழுதார். ஆனால் யோவாபைத் தண்டிக்கவில்லை. அரசனாகத் திருப்பொழிவு பெற்றிருந்தும் நான் வலுவற்றவன், செரூயாவின் பிள்ளைகள் என்னைவிடக் கடினமானவர்கள் என்று சொல்லி விட்டுவிட்டார். விளைவு என்ன? பிற்காலத்தில் அமாசா என்ற இன்னொரு தளபதியையும் அதே யோவாபு, முத்தமிடுவதுபோல நெருங்கிக் குத்திக் கொன்றார். அழுவதோடு நின்றால் வாள் மறுபடியும் தின்னும். உண்மை சொல்லப்படவேண்டும். மட்டக்களப்புப் பேராலயத்தில் சுட்டவர் யார் என்று நீதிமன்றம் சொல்லவேண்டும். காணாமற்போனவர்களின் உறவினர்களுக்குப் பதில் கிடைக்கவேண்டும். செபம் நீதிக்குப் பதிலாக வருவதில்லை.

ஆனால் வரிசை முக்கியம். தாவீது முதலில் அழுதார். அழாமல் நீதி கேட்கிறவன் பழி கேட்கிறவனாக மாறிவிடுவான். யோவாபும் தம்பிக்கு நீதி கேட்பதாகத்தான் நினைத்தார். எதிர்ப்பக்கத்துப் பிணத்தைப் பார்த்து நம் கண் கலங்கினால்தான், நாம் கேட்பது நீதியா பழியா என்று நமக்கே தெரியும். ஒரே பட்டியல் என்பது எல்லாரும் சமமான குற்றவாளிகள் என்ற தீர்ப்பு அல்ல. எல்லாரும் ஒரு தாயின் பிள்ளைகள் என்ற அறிக்கை.

இன்னொன்று. இது ஈழத்துக் கதை, நமக்கென்ன என்று நினைத்துவிட வேண்டாம். நம் வீடுகளில் பாகப்பிரிவினையில் பேசாமற்போன அண்ணன் தம்பிகள் உண்டு. ஒரே பங்கில் இரண்டு அன்பியங்கள் ஒன்றின் துக்கத்துக்கு ஒன்று போகாத நிலை உண்டு. சாதியின் பெயரால் கல்லறைக்கே நடுவே சுவர் எழுப்பிய வெட்கம் நம் தமிழ்நாட்டுத் திருச்சபைக்கு உண்டு. துப்பாக்கி நம் கையில் இல்லை, அவ்வளவுதான். இந்த வாரம் கல்லறைக்குப் போகும்போது, நம்மோடு பேசாத குடும்பத்தின் கல்லறை எது என்று நமக்குத் தெரியும். அதன்மேல் ஒரு மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வருவோம். பத்து ரூபாய் மெழுகுவர்த்தி. வைப்பதற்கு எவ்வளவு கனக்கிறது என்று அப்போது தெரியும். பாடைக்குப் பின்னே நடந்த அரசருக்கும் அன்று அப்படித்தான் கனத்திருக்கும்.

மன்றாடுவோம். வாழ்வுக்கும் சாவுக்கும் ஆண்டவரே, பெயர் சொல்லப்பட்டவர்களையும் பெயர் சொல்லப்படாதவர்களையும் நீர் அறிவீர். போர்க்களத்திலும் சிறையிலும் சந்திகளிலும் முகாம்களிலும், எங்கள் நகரின் தெருக்களிலும் மாண்ட எல்லாரையும் உம் ஒளியில் ஏற்றுக்கொள்ளும். பிள்ளைகளை இழந்த தாய்மாரை ஒருவரோடொருவர் பேச வையும். பழிக்குப் பழி என்ற எண்ணத்தை எங்கள் இதயத்திலிருந்தும் எங்கள் பிள்ளைகளின் இதயத்திலிருந்தும் அகற்றியருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.